சோயா ஊற்றாத டோஃபு

அத்தியாயம் 12

காலையில் அப்பா டை கட்டிக்கொண்டு நின்றார்.

அதைப் பார்த்ததுமே சயோகோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேற்று தாட்சுனோ விடுதியில் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கைப்பையிலிருந்த தபால் அட்டையை அவர் எடுத்துப் படித்திருக்கிறார். அம்மாவின் கையெழுத்து. அவள் வேலை பார்க்கும் கடையின் பெயர். ஷோதோ தீவின் அஞ்சல் முத்திரை. படித்துவிட்டுப் பழையபடி பையிலேயே வைத்திருந்தார், ஆனால் தலைகீழாக.

"எதுக்குப்பா டை?"

"பெட்டியில வெச்சா கசங்கிடும். அதான் கழுத்துல போட்டுக்கிட்டேன்."

வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவர் டை கட்டி அவள் பார்த்ததில்லை. முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முன்பெல்லாம் வாசலில் நிறுத்தி அதை நிமிர்த்திவிடுவது அம்மாவின் வேலை. சயோகோ கையை நீட்டவில்லை. கையைத் தூக்கவே அலுப்பாக இருந்தது.

இது ஆறாவது நாள். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். "நாப்பது வருஷம் ஒரே தொழிற்சாலை சோயா சாஸையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. மத்த ஊர்ல எப்படிப் பண்றாங்கன்னு ஒரு நடை பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லித்தான் அவரை வீட்டை விட்டுக் கிளப்பினாள். ஐச்சியில் பாகு மாதிரி கெட்டியான சோயா. யுவாசாவில், அங்கிருந்துதான் எல்லாமே தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பழைய பட்டறையின் சோயா. தாட்சுனோவில் தேநீர் மாதிரி வெளிறிய சோயா, நிறம்தான் சாது, உப்பு நாக்கைச் சுண்டியது.

எந்த ஊரானாலும் அப்பா செய்வது ஒன்றுதான். வெள்ளைக் கிண்ணத்தில் இரண்டு சொட்டு விடுவார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். "நல்ல நிறம்" என்பார். ஒரு புட்டி வாங்குவார். தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் தலைமை ஆளாக இருந்தவர். அங்கே அவர் சரி என்று தலையசைக்காமல் ஒரு பீப்பாய்கூட வெளியே போனதில்லை.

அந்தப் புட்டிகளைச் சுமப்பது சயோகோ. இப்போது ஐந்து சேர்ந்திருந்தன. நடக்கும்போதெல்லாம் முதுகுப்பைக்குள் அவை இடித்துக்கொண்டு சத்தம் போட்டன.

உண்மையில் இந்தப் பயணமே ஒரு சாக்கு. அவள் அவரைக் கொண்டுவர நினைத்த இடம் இந்தத் தீவு ஒன்றுதான்.

*

ஹிமெஜியிலிருந்து படகு. ஒன்றேமுக்கால் மணி நேரப் பயணம்.

படகின் கடையில் அப்பாவுக்கு ஊதோன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. மேற்கு ஜப்பான் பாணிச் சாறு, பொன்னிறமாகத் தெளிந்து, கெல்ப் பாசியும் உலர்மீனும் சேர்ந்து கமகமத்தது. அவர் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிரிக்கும் முன்பே கை மேஜையிலிருந்த சோயா புட்டிக்குப் போனது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. பொன்னிறச் சாறு பழுப்பாகியது.

ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்கமாட்டார்.

அம்மா வீட்டை விட்டுப் போனதே இதனால்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால், குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். 'மூன்று நாளைக்குச் சமைத்து வைத்திருக்கிறேன். சோயா வழக்கமான இடத்தில் இருக்கிறது. உங்களுக்கு அது போதும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அவள் போன அடுத்த மாதம், அப்பா அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அணைத்தார். பாத்திரம் அடி ஓட்டையாகியிருந்தது. அதற்கு மறு வாரம், நாறிப்போன மீனைப் பொரித்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். மறதி நோயின் ஆரம்பம் என்று சயோகோ முடிவு செய்துகொண்டாள். மருத்துவர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். ஆனாலும் அடுப்பை எரியவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைத் தனியாக எப்படி விடுவது?

சென்தாயில் அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் விடுப்பு கேட்டாள். பிறகு நீட்டிக் கேட்டாள். பிறகு கெஞ்சிக் கேட்டாள். போன வாரம் டாக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

இன்று சனிக்கிழமை. வயது நாற்பத்து மூன்று. சென்தாயில் அவளுடைய ஒற்றை அறை பூட்டிக் கிடக்கிறது. திங்களை விட்டால் அந்த அறையும் போய்விடும், வேலையும் போய்விடும். அதன்பிறகு காலம் முழுக்க அப்பாவின் அடுப்புக்குக் காவல்தான்.

"அப்பா."

"ம்."

"எங்க போறோம்னு உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீங்களும் நடிக்கவேணாம், நானும் நடிக்கலை."

அவர் ஊதோனைக் கிளறினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அம்மா முன்னாடி சோயா புட்டியைத் தொடாதீங்க. அவங்க எதைக் கொண்டுவந்து வெச்சாலும் சரி, கை அந்தப் பக்கமே போகக்கூடாது."

"தொடலைன்னா வந்துடுவாளா?"

"வருவாங்கன்னு நான் சொல்லலை. தொட்டா வரமாட்டாங்க. அது மட்டும் நிச்சயம்."

"சரி" என்றார் அப்பா. பழுப்புச் சாற்றைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

*

ஃபுகுதா துறைமுகத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். பின் இருக்கையில் ஒரு பெண்மணி வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சாவு வீடும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. பொண்ணு பார்க்கப் போறீங்களாக்கும்?"

"ஆமாங்க, அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்" என்றாள் சயோகோ. அப்பாவின் காது சிவந்தது.

"எந்தப் பக்கம்?"

"சோயாப் பட்டறைகளுக்குப் பக்கத்துல ஹருமி சாப்பாட்டுக் கடைன்னு ஒண்ணு."

"அதுக்கு வழியே கேக்கவேணாம். இறங்கினதும் எந்தப் பக்கம் மணக்குதோ அந்தப் பக்கம் நடங்க. மணம் முடியற இடத்துல கடை."

சொன்னது சரிதான். பேருந்தின் கதவு திறந்ததுமே மணம் உள்ளே வந்து மோதியது. ஈரமும் இனிப்பும் கலந்து, வறுத்த கோதுமையும் பழைய மரமும் புளித்த சோறும் சேர்ந்த மாதிரி. தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பட்டறைகள். பலகைச் சுவர்களெல்லாம் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. சயோகோவுக்கு அன்று காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. வாயில் நீர் ஊறியது.

தெரு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் பட்டறை மணம். இடப்பக்கம் ஆலிவ் தோட்டமும் கடல் காற்றும். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா சற்றும் தயங்காமல் இடப்பக்கம் திரும்பினார்.

"அப்பா, எங்க போறீங்க?"

அவர் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். "ஓ... இந்தப் பக்கமா?"

பயந்துபோய்த்தான் வேறு பக்கம் போகிறார் என்று சயோகோ நினைத்தாள். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி புட்டிகள் முதுகில் குத்தின, பாவமெல்லாம் போய்விட்டது.

*

"வாங்க, வாங்க!"

கதவு நகர்ந்த சத்தம் கேட்டதும் உள்ளிருந்து வந்த குரல் அம்மாவுடையது. கடைக்கு யார் வந்தாலும் கூப்பிடும் குரல். பாதித் திரையை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். முகம் வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தது. சயோகோவைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற டையைப் பார்த்தாள்.

கூப்பிட்ட கூப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

"உட்காருங்க" என்றாள் அம்மா தொமோயே. அறுபத்தாறு வயதில் அவள் குரல் இவ்வளவு நிதானமாக இருந்து சயோகோ கேட்டதில்லை. "கடைக்கார ஹருமி அக்கா பல் பிடுங்கத் தகமாட்சு போயிருக்காங்க. நான் மட்டும்தான் இருக்கேன். மதியச் சாப்பாடு ஒரு வகைதான் மிச்சம்."

"அது போதும்" என்றார் அப்பா.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

சயோகோ தனக்கு வேண்டாம் என்றாள். அப்பாவின் கையைக் கவனிக்கவேண்டியிருந்தது. அப்பா முகப்புப் பலகை முன்னால் உட்கார்ந்தார். அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். இஞ்சி போட்டுச் சோயாவில் வேகவைத்த பாறைமீன். சோறு. மிசோ சூப். கத்தரிக்காய் ஊறுகாய். ஒரு சின்னக் கிண்ணத்தில், சோயாப் பாலை உறையவைத்த சில்லென்ற டோஃபு, மேலே நறுக்கிய வெங்காயத்தாள்.

தட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சோயா புட்டி இருந்தது. சிவப்பு மூக்கு வைத்த கண்ணாடிப் புட்டி. சயோகோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கைகூப்பினார். குச்சிகளை எடுத்தார். மீனைப் பிட்டுச் சாப்பிட்டார். சோறு சாப்பிட்டார். சூப்பைக் குடித்தார். ஒருமுறை வலது கை தானாக நகர்ந்தது. நடுவில் நின்று, திரும்பி, முழங்கால் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பரீட்சை எழுதும் பையனைப் போல முதுகை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் டோஃபு. வெள்ளை வெளேரென்று. அதில் உப்பு கிடையாது, எதுவும் கிடையாது. சோயா ஊற்றித்தான் சாப்பிடவேண்டும். பால்குடி மறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

அப்பா அதை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான்கு வாயில் முடித்தார்.

சயோகோவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டோமே, டோஃபுவுக்கு மட்டும் ஊற்றலாம் என்று!

அவர் மறுபடி கைகூப்பி, "சாப்பிட்டாச்சு" என்றார். அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவள் போல நின்றாள். அது வரவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "சயோ, இங்க வா" என்றாள்.

*

கடைக்கு எதிரே தெருவைத் தாண்டினால் கடல் சுவர். அம்மா அதன்மேல் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள்.

"நீதானே சொல்லிக் கூட்டிட்டு வந்தே?"

"என்னத்தை?"

"நடிக்காதே. டோஃபுவைப் பச்சையா முழுங்கறார் மனுஷன். தன் புத்தியில அதைச் செய்வாரா?"

சயோகோவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "தொடாதீங்கன்னு மட்டும்தான்மா சொன்னேன்" என்றாள்.

"ஊத்தறது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஊத்தட்டும், குளிக்கட்டும் அதுல. முப்பது வருஷம் அந்த மனுஷன் முதல் வாய் சாப்பிட்டதும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லுவார். தினம் சொல்லுவார். நல்லா இல்லாத அன்னைக்கு, 'இன்னைக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கல்'னுவார். ருசி பார்க்கற ஆள் இல்லையா, பொய் சொல்லத் தெரியாது. திடீர்னு ஒரு நாள் நிறுத்திட்டார். அதுக்கப்புறம் ஊத்தறதுதான். நான் என்ன பண்ணி வெச்சாலும் பார்க்கறதுக்கு முன்னாடி ஊத்தறது."

"நீங்க கேக்கலையா?"

"எத்தனை தடவை கேக்கறது? 'ஒண்ணுமில்லை'ன்னுவார். கடைசியில என் தம்பிகிட்டக் கேட்டேன். மசனோரி அவர் பக்கத்து நாற்காலியிலயே வேலை பார்த்தவன், அவனுக்குத் தெரியாம இருக்குமா? 'உன் கை ருசி அவருக்கு அலுத்துப்போச்சுக்கா. ஆம்பளைங்க அதையெல்லாம் வாய்விட்டா சொல்லுவாங்க?'ன்னான். இந்தக் கடை வேலைகூட அவன் பார்த்துக் கொடுத்ததுதான். தனியா இரு, நிம்மதியா இருன்னு."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இங்க மீன் பிடிக்கறவங்க வராங்க. முதல் வாய் வெச்சதும் சொல்லிடறாங்க. நல்லா இருந்தா நல்லா இருக்கு, இல்லைன்னா இல்லை. இன்னைக்கும் நின்னு பார்த்தேன். சொல்லுவாரோன்னு. அறுபத்தாறு வயசுல இதுக்காக நிக்கறேன் பாரு, வெக்கமா இருக்கு."

இதைக் கேட்டபிறகு வா என்று எப்படிக் கூப்பிடுவது? ஆனால் நேரம் இல்லை. சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அம்மா, திங்கட்கிழமை நான் சென்தாய்ல இருக்கணும். இல்லைன்னா வேலை போயிடும். அப்பாவைத் தனியா விட முடியலை. அடுப்பை எரியவிட்டுட்டு உட்கார்ந்திருக்கார். எனக்கு முடியலைம்மா. நிஜமா முடியலை."

"அதுக்கு நான் வரணுமா?"

"நான் வேற யார்கிட்டக் கேப்பேன்?"

அம்மா முகத்தைச் சட்டென்று கடைப்பக்கம் திருப்பினாள்.

அதே கணம் சயோகோவுக்கும் அது தெரிந்தது. சோயா கருகும் மணம். பட்டறை மணத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு, மூக்கில் ஊசி ஏற்றுவது மாதிரி.

"ஐயோ, பாசி!"

கடல்பாசியைச் சோயாவில் சுண்டவைக்கும் சட்டி அடுப்பில் இருந்தது. இருவரும் ஓடினார்கள்.

*

அப்பா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே திரை. திரைக்கு அந்தப் பக்கம், நான்கு எட்டில் அடுப்பு. கருகல் நெடி கடைக்குள் நிற்கவிடாமல் அடித்தது. அவர் சுவரில் தொங்கிய படகு நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அவசரம், ரெண்டு பேரும் இப்படி ஓடி வர்றீங்க?" என்றார்.

அம்மா உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தாள். சட்டியைத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்ற சத்தமும் புகையும் திரையைத் தாண்டி வந்தன. புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் எழுந்தார்.

"பாருங்கம்மா" என்றாள் சயோகோ. குரல் உடைந்தது. "இதைத்தான் சொன்னேன். இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். மறந்துபோயிடறார். எதுவும் ஞாபகம் இல்லை."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, மூக்கை.

"அவர் எதை மறந்தார்?" என்றாள் மெதுவாக. "அடுப்பை வெச்சது நான். மறந்தது நான்."

முகப்புப் பலகையின் மூலையில் ஒரு கூடையில் யூஸு எலுமிச்சைகள் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறினாள். மூன்றடி தள்ளி நின்ற சயோகோவுக்கே அந்தக் கருகலையும் மீறி மணம் எட்டியது.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

அவர் மூடிக்கொண்டார். அம்மா பழத்தை மூக்குக்கு நேராக, ஏறக்குறைய ஒட்டியே பிடித்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

அவர் மூச்சை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். நாற்பது வருஷம் ருசி பார்க்கும் அறையில் இருந்த மனிதர். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"சோயா" என்றார்.

சயோகோவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஓட்டையான பாத்திரம். நாறிப்போன மீன். இடப்பக்கம் திரும்பிய கால்கள். ஐந்து ஊரிலும் 'நல்ல நிறம்.'

"எத்தனை வருஷமா?" என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "பதினோரு வருஷம். அந்தக் காய்ச்சல் வந்துதே, பத்து நாள் படுத்திருந்தேனே, அதுலேருந்து. சரியாயிடும், சரியாயிடும்னு பார்த்தேன்."

"டாக்டர்கிட்டப் போகலை?"

"போனா தொழிற்சாலைக்குத் தெரிஞ்சுடும். மூக்கு இல்லாதவனுக்கு அந்த அறையில என்ன வேலை?"

"நான் தொழிற்சாலையா?"

அவர் டை நுனியைப் பிடித்துச் சுருட்டினார்.

"கேக்கறேன். நான் தொழிற்சாலையா? என்கிட்டச் சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவேனா?"

"மணம் தெரியாம எப்படி நல்லா இருக்குன்னு சொல்றது? அது பொய்யாயிடும். உன்கிட்டப் பொய் சொல்லக்கூடாதுன்னு..." அவர் குரல் தேய்ந்தது. "நாக்குல உப்பு மட்டும் தெரியும். சோயா ஊத்தினா எதையோ சாப்பிடற மாதிரி இருக்கும். ஊத்தலைன்னா எல்லாமே அந்த டோஃபு மாதிரிதான் தொமோயே. நீ பண்ணின எல்லாமே."

அம்மா யூஸுவைக் கூடையில் வைத்தாள். மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தாள்.

"பொய் சொல்லக்கூடாதுன்னு பதினோரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. நான் தினமும் அடுப்பு முன்னாடி நின்னு, நேத்து என்ன தப்பு பண்ணினேன், இன்னைக்கு எதை மாத்தணும்னு செத்துக்கிட்டிருந்தேன். இது உங்களுக்குப் பொய்யாத் தெரியலை, இல்லையா?"

அம்மா கூடையைத் தள்ளி வைத்தாள்.

"தொழிற்சாலையில எப்படிச் சமாளிச்சீங்க? ஒன்பது வருஷம்!"

"நிறத்தை வெச்சு முக்கால்வாசி சொல்லிடலாம். மீதிக்கு மசனோரி இருந்தான். மேஜைக்கு அடியில காலால தட்டுவான். ஒரு தட்டுன்னா நல்லது. ரெண்டு தட்டுன்னா கெட்டது."

உள்ளே தண்ணீரில் கிடந்த சட்டி ஒரு குமிழியை விட்டது.

"மசனோரிக்குத் தெரியும்" என்றாள் அம்மா. கேள்வியாகச் சொல்லவில்லை.

"அவனுக்கு மட்டும்தான்."

அம்மா சயோகோவைப் பார்த்தாள். சயோகோ அம்மாவைப் பார்த்தாள். 'உன் கை ருசி அவருக்கு அலுத்துப்போச்சுக்கா.' இருவர் காதிலும் ஒரே நேரத்தில் அது ஒலித்தது. அப்பாவுக்கு மட்டும் ஏதும் புரியவில்லை. கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

*

"சென்தாய்க்கு எந்தப் படகு பிடிக்கணும்?" என்று அம்மா கேட்டாள்.

"மூணரை."

"ஒரு டிக்கெட் எடுத்துக்கோ."

சயோகோ சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "ஒண்ணா?"

"சட்டி கருகிக் கிடக்கு. ஹருமி அக்கா வர்றதுக்குள்ள தேய்க்கணும். நானா தேய்ப்பேன்?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. மேல ஒரு அறை காலியா இருக்கு. எத்தனை நாளைக்குன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கே தெரியாது. அடுப்புப் பக்கம் வரக்கூடாது. இப்போ கையை மடக்குங்க."

அப்பா சட்டைக் கையை மடக்கினார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். சாய்ந்திருந்த டை முடிச்சில் கை வைத்தாள். நிமிர்த்திவிடப் போகிறாள் என்று சயோகோ நினைத்தாள். அம்மா அதை அவிழ்த்தாள். உருவி, சுருட்டி, தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது தொங்கினா தண்ணியில விழும்" என்றாள்.

சயோகோ முதுகுப்பையைத் திறந்து ஐந்து புட்டிகளையும் பலகை மேல் வரிசையாக வைத்தாள். அவள் கிளம்பும்போது உள்ளே நாரால் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விடாமல், ஒரே சீராக. அம்மா இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலைதானே நீ? முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

*

படகின் மேல்தளத்தில் காற்று அடித்தது. முதுகில் கனம் இல்லை. இத்தனை மாதத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது இதுதான் முதல் தடவை. மகிழ்ச்சியாக இருக்கவேண்டும். ஆனால் களைப்புதான் இருந்தது, கால் விரல் வரைக்கும்.

பொட்டலத்தைப் பிரித்தாள். சோயா தடவிச் சுட்ட சோற்று உருண்டைகள், இரண்டு. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவந்திருந்தன. முதலில் முகர்ந்து பார்த்தாள். இதுவரை ஒரு நாளும் அவள் அப்படிச் செய்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தாள். அப்புறம் கடித்தாள்.

"நல்லா இருக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க ஆளில்லை.

தொலைபேசி அதிர்ந்தது. மசனோரி மாமா.

பயணம் கிளம்புமுன் அவரிடம் மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள். 'வேற எங்க வேணா கூட்டிட்டுப் போ, தீவுக்கு மட்டும் வேணாம். உங்கம்மா இப்பதான் நிம்மதியா இருக்கா, அவளைக் கிளறாதே' என்று அவர் சொன்னார். அக்காமேல் எவ்வளவு பாசம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

அதிர்வு நின்றது. மறுபடி தொடங்கியது. சயோகோ முதல் உருண்டையை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள். விரலைத் துடைத்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

"சயோ? எங்க இருக்கே? தீவுக்குப் போயிட்டியா என்ன?" மாமாவின் குரலில் வழக்கமான சிரிப்பு. "அப்பா எப்படி இருக்கார்? அம்மா ஏதாவது கேட்டாளா? சயோ, கேக்குதா?"

அவளுக்குப் பேசத் தெம்பில்லை. நகத்தால் தொலைபேசியின் மேல் தட்டினாள். நிதானமாக, இரண்டு தட்டு.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது.